வெள்ளம் போன வயலுக்கு முதலில் ஒரு வரைபடம் வேண்டும்

கேள்வி: ஏரல் பக்கம், தாமிரபரணி வடகரையில் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மேற்கு வரப்பை ஒட்டிய வாய்க்கால் உடைந்து, வடகிழக்கில் பூவரசு நிற்கும் மேடு தவிர வயல் முழுக்க மணலும் சேறும் ஏறிவிட்டன. கொஞ்சத்தை வாரி வரப்பில் போட்டேன், மற்றதை உழுதுவிட்டேன். அதன் பிறகு இரண்டு பிசான நெல் பருவம் பார்த்தாயிற்று. மேற்கே பயிர் மஞ்சளடிக்கிறது, தண்ணீர் ஒரு நாள்கூட நிற்பதில்லை. கிழக்குத் தாழ்வில் நாற்று வேர் பிடிக்காமல் கருகுகிறது, மண்ணில் வெள்ளை பூக்கிறது. நடுவில் சுமாராக விளைகிறது. வாழை அழிந்த 40 சென்ட்டை ஓராண்டு தரிசாகப் போட்டு மக்காச்சோளம் விதைத்தேன், இளம்பயிர் ஊதா நிறமானது. ஐந்து இடத்தில் மண் எடுத்து, கலந்து ஆய்வுக்குக் கொடுத்தேன். எல்லாம் இயல்பு, நடுத்தரம் என்று வந்திருக்கிறது. செயற்கைக்கோள் படத்திலேயே எல்லாம் தெரியும் என்கிறான் வெளியூரில் வேலை பார்க்கும் மகன். தம்பி, நான் மணலை வாரி வெளியே கொட்டவா, உழுது கலக்கவா? மறுபடியும் மண் ஆய்வு செய்தால் பலன் உண்டா?

பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

தம்பி என்று உரிமையோடு எழுதியிருக்கிறீர்கள், நானும் அதே உரிமையில் சொல்கிறேன். கலப்பையையும் பொக்லைனையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மறு ஆய்வு கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் மூன்று ஏக்கருக்கும் நீங்களே ஒரு வரைபடம் போட்டாக வேண்டும். அது கையில் இல்லாமல் மண்ணை வாரினாலும் தவறாகலாம், உழுதாலும் தவறாகலாம்.

ஆய்வகத்தின் மேல் குறை இல்லை. கொடுத்த மண்ணுக்குச் சரியான விடையைத்தான் தந்திருக்கிறார்கள். உப்புக் கூடிப்போன குழம்பையும் உப்பே போடாத ரசத்தையும் ஒன்றாய் ஊற்றி ருசி பார்த்தால் உப்பு சரியாக இருப்பதாகத்தான் நாக்கு சொல்லும். கிழக்குத் தாழ்வின் மண்ணில், உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் 2 இருந்து, மேற்கு மணலில் 0.1 இருந்தால், கலந்த பையில் அது 1-க்குப் பக்கத்தில் நின்று 'கெடுதல் இல்லை' என்று வந்துவிடும். கிழக்கே நாற்று கருகிக்கொண்டிருக்கும், தாளில் எல்லாம் சரியாக இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நெல்லுக்கு மண் மாதிரி எடுக்கும் ஆழம் 15 சென்டிமீட்டர், அதாவது ஆறு அங்குலம். மேற்கே எட்டு அங்குலம் மணல் படிந்த இடத்தில் ஆறு அங்குலம் தோண்டினால் பைக்குள் போவது முழுக்க ஆற்று மணல். காலங்காலமாக உங்களுக்குச் சோறு போட்ட பழைய மண் அந்தப் பைக்குள் ஒரு சிட்டிகைகூட வந்திருக்காது. மண்வள அட்டையை நம்பியும் இதைத் தீர்க்க முடியாது. 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அளவு. ஏறத்தாழ ஆறு ஏக்கருக்கு ஒரு பை. ஊருக்கு உரம் பரிந்துரைக்க அது உதவும். உடைப்பெடுத்த மூன்று ஏக்கருக்குள் என்ன நடந்தது என்று அதனிடம் கேட்க முடியாது. அதில் பார்க்கும் 12 குணங்களில் மணல் எத்தனை அங்குலம், அதன் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்விகளும் கிடையாது.

அந்த 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கப்போவதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆறும் குளங்களும் வாய்க்காலும் ஒன்றாகி ஓடின. அந்தத் தண்ணீர் உங்கள் வயலுக்குள் நுழைந்தபோது மண்ணைக் கண்டபடி கொட்டவில்லை. உடைப்பு வாயில் வேகம் அதிகம், அங்கே அது மேல்மண்ணைப் பறித்துக்கொண்டு போகும். சில அடி தள்ளி வேகம் குறைந்ததும் கனமான மணலை முதலில் இறக்கும். இன்னும் தள்ளி நுண்மணலும் வண்டலும் படியும். கடைசியில், தாழ்வில் தேங்கி நின்ற தண்ணீரில்தான் மெல்லிய களி இறங்கும். ஆகவே வாய்க்கால் உடைந்த இடத்திலிருந்து கிழக்கு மூலை வரை ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைப் படித்துத் தாளில் ஏற்றுவதைத்தான் வரைபடம் என்கிறேன்.

உங்கள் சர்வே எண்ணுக்கான புல வரைபடம் தமிழக அரசின் இணைய சேவைத் தளத்தில் கிடைக்கிறது. அதைப் பெரிதாக நகலெடுத்து ஓர் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வடக்கு எது, மடை எது, உடைப்பு எது, பூவரசு எங்கே நிற்கிறது என்று முதலில் குறித்துவிடுங்கள். பிறகு மேற்கு வரப்பில் தொடங்கி இருபது தப்படிக்கு ஓர் இடமாகக் கிழக்கே நடங்கள். ஒரு வரிசை முடிந்ததும் இருபது தப்படி தள்ளி அடுத்த வரிசை. மூன்று ஏக்கருக்கு ஐம்பது இடம் சொச்சம் வரும். ஒரு துணை ஆள் இருந்தால் இரண்டு நாள் வேலை. மண் சற்று ஈரமாக இருக்கும்போது செய்யுங்கள், காய்ந்து இறுகினால் மண்வெட்டி இறங்காது. கார் பருவத்துக்குத் தண்ணீர் வருவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது.

ஒவ்வோர் இடத்திலும் ஒன்றரை அடி ஆழத்துக்குச் சிறு குழி. ஒரு பக்கச் சுவரை மண்வெட்டியால் செங்குத்தாகச் சீவிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். உடைப்புக்கு முப்பது தப்படி கிழக்கே நீங்கள் வெட்டும் குழி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மேலே வெளிர்மஞ்சள் மணல், விரலில் எடுத்தால் உதிர்ந்து ஓடும், நடுவே அபிரகத் துகள் மின்னும். அதன் அடியில் விரல் கனத்தில் சாம்பல் நிறக் களி ஏடு. அதற்கும் கீழே கறுத்த பழைய மண், மேல்முகத்தில் அந்த ஆண்டின் நெல் தாள்கட்டை மட்கியும் மட்காமலும் புதைந்திருக்கும். அந்தத் தாள்கட்டை தெரிகிற கோடுதான் வெள்ளத்துக்கு முன்பிருந்த உங்கள் வயலின் தரை. அங்கிருந்து மேலே எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். நீங்கள் ஏற்கெனவே உழுத இடங்களில் கோடு கலைந்திருக்கும். நிறமும் கைப்பதமும்தான் அங்கே வழிகாட்டும்.

கைப்பதம் பார்ப்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதல்ல, ஆனாலும் ஐம்பது இடத்திலும் ஒரே மாதிரி பார்த்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு நெல்லிக்காய் அளவு மண்ணை நனைத்துப் பிசைந்து உருட்டுங்கள். உருண்டையே நிற்காவிட்டால் மணல். உருண்டை நின்று, கட்டைவிரலால் தள்ளி நாடாவாக்கும்போது உடனே முறிந்தால் மணல் கலந்த வண்டல். இரண்டு அங்குலத்துக்கு மேல் முறியாமல் நாடா நீண்டால் களி. முகர்ந்தும் பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் அங்கே இன்னும் காற்று போகவில்லை, வடிகால் அடைபட்டிருக்கிறது என்று பொருள். இடத்தின் எண், படிவின் கனம், மேல்மண், கீழ்மண், வாடை, வெள்ளைப் பூப்பு உண்டா இல்லையா என்ற ஆறே குறிப்புகள் போதும்.

அட்டையில் எல்லாவற்றையும் ஏற்றிய பின் ஒரே கனமுள்ள இடங்களைப் பென்சிலால் கோடு போட்டுச் சேருங்கள். இரண்டு அங்குலம் வரை ஒரு நிறம், இரண்டிலிருந்து எட்டு வரை ஒரு நிறம், அதற்கு மேல் ஒரு நிறம், பறிபட்ட இடத்துக்குத் தனி நிறம். நாலைந்து திட்டுகள் பிரிந்து தெரியும். உங்கள் பட்டாவில் நிலம் ஒன்றுதான், வேளாண்மைக்கு இனி அவை நாலைந்து வயல்கள்.

இனி மண் ஆய்வு. ஒரு திட்டுக்கு ஒரு மாதிரி. அந்தத் திட்டுக்குள் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சீவி எடுத்து, கலந்து, நாலாகப் பகிர்ந்து எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்து அரைக் கிலோவாக்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததே. மாற்றம் ஒன்றுதான். படிவு மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்கும் திட்டுகளில் படிவு மண்ணுக்கு ஒரு பை, புதைந்த பழைய மண்ணுக்கு ஒரு பை. மண்ணை நிழலில் உலர்த்துங்கள். துருப்பிடித்த சட்டியும் உரச் சாக்கும் வேண்டாம், நுண்ணூட்ட அளவு கெட்டுவிடும். ஆய்வகத்தில் வழக்கமானவற்றோடு மணல், வண்டல், களி விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். வெள்ளை பூக்கும் திட்டுக்கு மட்டும் மாற்றேற்பு சோடியமும் (மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியம்) ஜிப்சம் தேவையும் பார்க்கச் சொல்லுங்கள். வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இருக்கிறது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், வெறும் பையோடு போவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மேற்கே தண்ணீர் நிற்கவில்லை, கிழக்கே வெள்ளை பூக்கிறது என்பதை இரண்டு நோய்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம் என்று படுகிறது. மேற்கில் மணலுக்கு அடியில் பல தலைமுறையாகத் தொளி உழவில், அதாவது சேற்று உழவில், கெட்டிப்பட்ட நஞ்சைத் தளம் அப்படியே இருக்கிறது. நீங்கள் பாய்ச்சும் தண்ணீர் மணலைத் துளைத்து இறங்கி, அந்தத் தளத்தைத் தொட்டதும் மேலும் இறங்க வழியில்லாமல், பழைய வயலின் சரிவில் கிழக்கு நோக்கி ஊர்ந்துவருகிறது. தாழ்வில் வந்து தரைக்குப் பக்கமாக நிற்கிறது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு மட்டும் மேலே தங்கிவிடுகிறது. அப்படியானால் நீங்கள் மேற்கில் போட்ட யூரியாவில் ஒரு பங்கும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கும். மேற்கே மஞ்சளடிப்பதற்கு அதுவே காரணமாகலாம்.

இதை ஊகமாக வைத்திருக்க வேண்டாம், ஒரே நாளில் சோதிக்கலாம். மேற்குத் திட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காலை, மணல் முடியும் விளிம்பில் வரிசையாக நான்கு குழிகள் பழைய தரைக் கோடு வரை வெட்டுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். மேற்குச் சுவரில் அந்தக் கோட்டின் மேலிருந்து தண்ணீர் கசிந்து குழிக்குள் இறங்கினால் நான் சொன்னது சரி. அப்போது கிழக்கைக் காப்பாற்றும் வேலை கிழக்கில் இல்லை. மணல் திட்டின் விளிம்பில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டி, அந்தக் கசிவைப் பக்க ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். கசிவே இல்லை என்றால் கிழக்கின் வெள்ளைக்கு வேறு காரணம், பாசனத் தண்ணீரையும் சேர்த்து ஆய்வுக்குக் கொடுங்கள்.

கிழக்குக்கு ஜிப்சம் போடச் சொல்லி யாராவது வந்தால் ஆய்வு முடிவு வரும் வரை பொறுங்கள். வெள்ளைப் பூப்பு எல்லாம் ஒன்றல்ல. கார அமில நிலை 8.5-க்குக் கீழே இருந்து உப்பு மட்டும் கூடியிருந்தால் அது உவர். வடிகால் திறந்து நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் உப்பு வெளியேறும், ஜிப்சத்துக்குச் செலவழிக்க வேண்டாம். அந்த நிலை 8.5-ஐத் தாண்டி சோடியமும் ஏறியிருந்தால்தான் களர், அதற்கு ஜிப்சம் வேண்டும். வீட்டிலேயே ஒரு முன்சோதனை உண்டு. காய்ந்த மண்கட்டி ஒன்றை, சுண்டைக்காய் அளவு, கண்ணாடித் தம்ளரில் பிடித்த மழைத்தண்ணீருக்குள் மெதுவாக விடுங்கள். தொடாமல் இரண்டு மணி நேரம் வையுங்கள். கட்டி உடைந்து அடியில் கிடக்கிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்றால் சோடியம் தொல்லை இருக்க வாய்ப்புக் குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் தண்ணீர் கலங்கிக்கொண்டே போனால் சோடியம் அந்த மண்ணைப் பிரித்துப் போடுகிறது. குழாய்த் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ செய்தால் அதிலுள்ள உப்பு கலக்கத்தை மறைத்துவிடும்.

மணலை வாருவதா கலப்பதா என்பதற்கு வருகிறேன். ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் மணல் என்பது 3,630 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம் கணக்கில் 36 யூனிட். மேற்கே 60 சென்ட்டில் சராசரி எட்டு அங்குலம் இருந்தால் சுமார் 174 யூனிட் ஆகிறது. மூன்று யூனிட் ஏற்றும் டிப்பருக்கு 58 நடை. வாடகையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மணல் சிறு கனிமப் பட்டியலில் வருவதால் உங்கள் நிலத்து மணலே ஆனாலும் அனுமதி இல்லாமல் வெளியே ஏற்றக் கூடாது. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழியாக எழுத்தில் கேட்டு, கனிமவளத் துறையின் அனுமதி கைக்கு வந்த பிறகே வண்டியைக் கூப்பிடுங்கள்.

முழுக்க வாரத் தேவையும் இல்லை. இரண்டு அங்குலம் வரை உள்ள இடங்களில் வழக்கமான உழவே கலந்துவிடும். அதற்கு மேல் இருந்தால், மணலின் கனத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு ஆழம் கலப்பை இறங்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. கொத்துக் கலப்பை எட்டு அங்குல மணலில் மணலைத்தான் கிளறும், பழைய மண்ணைத் தொடாது. நீங்கள் இரண்டு முறை உழுதும் மேற்கு மாறாததற்குக் காரணம் இதுதான். எட்டு அங்குல இடத்தில் ஐந்தைச் சீவி எடுத்துவிட்டு, மிச்ச மூன்றைச் சட்டிக் கலப்பையால் ஓரடி ஆழத்துக்குப் புரட்டினால் ஒரு பங்கு மணலுக்கு மூன்று பங்கு பழைய மண் கிடைக்கும். சீவிய மணலை உடைப்பு வாயில் பறிபட்ட பள்ளத்தின் அடியை நிரப்பவும், வாய்க்கால் கரைக்கு உள்பக்கம் பலம் கொடுக்கவும் வைத்துக்கொள்ளலாம். பள்ளத்தின் மேல் ஓரடிக்கு மட்டும் நல்ல மண் வேண்டும்.

அந்த நல்ல மண்ணும் உங்களிடமே இருக்கிறது. நடுவில் படிந்த வண்டலையும் சேர்த்து வரப்பில் வாரிப் போட்டதாக எழுதியிருந்தீர்கள், படித்தபோது மனம் கேட்கவில்லை. குளத்து வண்டலான கரம்பைக்கு நம் விவசாயிகள் அனுமதி வாங்கி, டிராக்டர் வாடகை கொடுத்து அள்ளி வருகிறார்கள். அதே பொருள் உங்கள் வரப்பில் சும்மா கிடக்கிறது. அதை வரப்பிலிருந்து இறக்கி, மணல் சீவிய திட்டிலும் பறிபட்ட இடத்திலும் பரப்பிக் கலந்துவிடுங்கள். ஆய்வில் உப்பு இல்லை என்று உறுதியான பிறகு மட்டும்.

பறிபட்ட இடம்தான் நாள் எடுக்கும். அங்கே போனது உரம் மட்டுமல்ல, மக்கு ஏறிய மேல்மண் முழுவதும். ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம், ஒவ்வோர் ஆண்டும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது, இவை தவிர குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை. மேற்கில் மணல் கலந்த பகுதிக்கு யூரியாவையும் பொட்டாஷையும் வழக்கத்தைவிடச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுங்கள். இரண்டு ஆண்டுக்கு அங்கே நெல்தான் வேண்டும் என்றில்லை, உளுந்தோ நிலக்கடலையோ போட்டுப் பார்க்கலாம்.

மக்காச்சோளம் ஊதாவானதற்குக் கிட்டத்தட்ட உறுதியாகவே ஒரு காரணம் சொல்லலாம். பயிர்களின் வேரோடு கூடி வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) ஊட்டும் வேர் உட்பூசணம், வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கி, பிறகு பயிரே இல்லாமல் தரிசாகக் கிடந்தால் அருகிவிடுகிறது. 1993-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு, மறு ஆண்டு மக்காச்சோள வயல்களில் இதே ஊதாவைப் பரவலாகப் பார்த்தார்கள். மண்ணில் மணிச்சத்து இருந்தது, வேருக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆள் இல்லை. தரிசு விடாமல் தட்டைப்பயறோ சோளமோ ஏதாவது ஒரு வேர் மண்ணில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அது திரும்பிவிடும். அடுத்து வாழை வைக்கும்போது குழியில் வேர் உட்பூசணம் இடுங்கள், வாழைக்கு அதன் துணை மிகவும் தேவை.

மகன் சொன்னதும் வீண் பேச்சில்லை, அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள் இலவசம். அதில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். உங்கள் மூன்று ஏக்கரும் 120 புள்ளிகளாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய பிசானத்தின் பிப்ரவரிப் படத்தையும் போன பிசானத்தின் பிப்ரவரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பச்சை எங்கே குறைந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வெள்ள நாட்களில் மேகம் மறைத்திருக்கும். சென்டினல்-1 ரேடார் படம் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் என்பதால் தண்ணீர் எங்கே தேங்கி நின்றது என்பதை அதில் தேடலாம். ஆனால் மணல் மூன்று அங்குலமா பத்து அங்குலமா என்று வானத்திலிருந்து சொல்ல முடியாது. நீங்கள் பென்சிலால் போட்ட கோடும் அவர் காட்டும் பச்சைக் கோடும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தில் மறுபடியும் ஒரு குழி வெட்டுங்கள்.

அக்கம்பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வெள்ளம் வரப்பு பார்த்துப் போகவில்லை. உங்கள் மணல் திட்டு வடக்கே அடுத்தவர் வயலுக்குள்ளும் நீண்டிருக்கும், கசிவுக்கு வெட்டும் வடிகாலும் அவர் சம்மதம் இல்லாமல் ஓடைக்குப் போய்ச் சேராது.

கடைசியாக ஒன்று. வடகிழக்கில் பூவரசு நிற்கும் மேட்டில் தண்ணீர் ஏறவே இல்லை, அங்கே எப்போதும்போல் விளைகிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த மேட்டில் மரநிழல் படாத இடமாகப் பார்த்து முதல் குழியை வெட்டுங்கள். வெள்ளத்துக்கு முன்னால் உங்கள் வயல் எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்த மண். அதன் நிறத்தையும் பதத்தையும் வாடையையும் கையில் வாங்கிக்கொண்டு மற்ற ஐம்பது குழிகளுக்குப் போங்கள். ஆய்வகத்துக்கும் அதிலிருந்து ஒரு தனிப் பை அனுப்புங்கள்.